ஆடாத வாஷர்

காலையில் காற்று இரவல் கேட்டு வருவது குமரிப்பள்ளத்தில் சாதாரண விஷயம்.

“மதினி, அரைக் குடுவை காத்து கெடைக்குமா? அவுக வேலைக்குக் கெளம்புற நேரம், எங்க குடுவை நெறையல” என்று யாராவது திரைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள். இருக்கிறவர்கள் கொடுப்பார்கள். சிலர் வைத்துக்கொண்டே இல்லை என்பார்கள். மனிதர்கள் செவ்வாயில் குடியேறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இந்த ஒன்றில் மட்டும் யாரும் மாறவில்லை.

குமரிப்பள்ளத்துக்கு அரசாங்க வரைபடத்தில் ஓர் எண்தான் உண்டு. முதலில் வந்து இறங்கியவர்கள் தென்கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அவர்கள் எண்ணை மறந்துவிட்டுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பள்ளத்தின் நடுவில் பொது மூச்சகம் இருந்தது. காற்றை அடைத்து நிறுத்திய பெரிய கூடாரம் அது. புதிதாக வந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் எல்லோரும் அதற்குள் துணித்திரை கட்டிக் குடித்தனம் நடத்தினார்கள்.

குயிலியும் அவள் கணவன் சுடலைமுத்துவும் அப்படி ஒரு திரைக்குள்தான் இருந்தார்கள். திரைகூடப் பரவாயில்லை. செவிமணிதான் தொல்லை. கூடாரத்தில் எங்கேயாவது பொத்தல் விழுந்து காற்று கசிந்தால் அந்த மெல்லிய சீறல் உடனே கேட்க வேண்டும் என்று, குடியேறிய ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும் அரிசியளவு கருவி ஒன்றைப் பதித்திருந்தார்கள். சின்னச் சத்தத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும். அதை நிறுத்தி வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. உயிர் விஷயம்.

காற்றின் சீறலைக் கேட்கிற காதுக்கு, பக்கத்துத் திரையின் கிசுகிசுப்பு கேட்காதா?

ஒரு நாள் சுடலைமுத்து மனைவியின் காதோரம் குனிந்து, “இன்னைக்கு நீ ரொம்ப அழகா இருக்க” என்றான். மூன்று திரை தள்ளி ஒரு குரல் வந்தது.

“நேத்தைக்கும் இதத்தான சொன்னீரு? மாத்திச் சொல்லும் வே!”

மூச்சகமே சிரித்தது. குயிலியும் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலையில் அவள் முடிவெடுத்துவிட்டாள். சாத்தினால் சாத்தியபடி இருக்கிற கதவு ஒன்று வேண்டும்.

அதற்கு வழி இருந்தது. கணவனும் மனைவியும் வேலை நேரம் போகத் தாங்களாகவே ஒரு மூச்சுக்கூடு கட்டிக்கொள்ளலாம். கிடங்கிலிருந்து வளைந்த தகடுகளும் போல்ட்டுகளும் கொடுப்பார்கள். வெளியிலிருந்து முடுக்கி, உள்ளே காற்றை நிரப்பி, ஒரு சொட்டுக் காற்றும் வெளியேறவில்லை என்று காற்றுச்சான்று வாங்கிவிட்டால் கூடு அவர்களுடையது. ஒரே நிபந்தனைதான். தூசிக்காலம் தொடங்குவதற்குள் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டைப் பிரித்துக் கிடங்கில் சேர்த்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தகடுகள் வேறு யாருக்காவது போகும். செவ்வாயில் ஓராண்டு என்பது பூமியில் ஏறக்குறைய இரண்டு. அத்தனை காலமும் மறுபடி திரைக்குள்தான்.

தகடு எல்லாம் நிறுத்தியாயிற்று. காற்று வெளியேறாமல் ஆள் வந்து போகிற இரட்டைக் கதவும் வந்துவிட்டது. குயிலி அந்தக் கதவை ஒரு தடவை சும்மா சாத்திப் பார்த்தாள். ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை திறந்து சாத்தினாள்.

மிச்சமிருந்தது வாஷர்தான்.

வாஷர் பெரிய பொருளே இல்லை. நடுவில் ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு. போல்ட்டின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, போல்ட்டு கொடுக்கிற அழுத்தத்தைச் சுற்றிலும் ஒரே மாதிரி பரப்பிவிடுவதுதான் அதன் வேலை. ஓட்டை சின்னதாக இருந்தால் போல்ட்டு நுழையாது. பெரிதாக இருந்தால் நுழையும், இறுகவும் செய்யும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதுதான் ஆபத்து. கிடங்கில் அவர்களுக்குக் கொடுத்த போல்ட்டுகள் பதினான்காம் அளவு. வாஷர்களோ பதினாறாம் அளவு. போல்ட்டு ஒரு தொழிற்சாலையிலும் வாஷர் இன்னொன்றிலும் செய்யப்பட்டு, இரண்டும் வேறு வேறு கப்பலில் வந்திருந்தன. சரியான அளவு வாஷர் தூசிக்காலம் முடிந்து வருகிற கப்பலில்தான்.

சான்று கொடுக்கிற அதிகாரம் மூக்கையாவிடம் இருந்தது. மூக்கையா ஒரு பொருத்தி. போல்ட்டு முடுக்கவும் அளவு பார்க்கவும் செய்யப்பட்ட இயந்திரன். அளவு பார்க்கிற இடுக்கி அதன் முகத்திலிருந்து நீளமாக நீட்டிக்கொண்டிருந்ததால் ஊரார் அந்தப் பெயரை வைத்தார்கள். இப்போது அது ஒரு வாஷரைப் போல்ட்டில் மாட்டி, தன் முகத்துக்கு அருகில் பிடித்து ஆட்டிப் பார்த்தது.

“ஆடுது அக்கா” என்றது.

“எங்க ஆடுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றாள் குயிலி.

“இங்கன பாருங்க. நடுவுல நிக்க மாட்டேங்குது. ஒரு பக்கமா சரியுது. போல்ட்டுத் தலை ஒரு ஓரத்துல மட்டும் ஒக்காருது.”

“நல்லா முறுக்கினா இறுகிருமே” என்றான் சுடலைமுத்து.

“இப்ப இறுகும் அண்ணாச்சி. ராத்திரிக் குளிருல இரும்பு சுருங்கும், பகல்ல விரியும். தெனமும் சுருங்கி விரிஞ்சா வாஷர் கொஞ்சம் கொஞ்சமா நகந்து வழி விட்டுரும். காத்து நம்மகிட்டச் சொல்லிக்கிட்டுப் போகாது.”

“ரெண்டு வாஷரை ஒண்ணுமேல ஒண்ணு போட்டா?”

“ரெண்டும் ஆடும்.”

பக்கத்துக் கூட்டுக்காரர் அந்தோணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். குமரிப்பள்ளத்தில் முதலில் கட்டப்பட்ட கூடுகளில் அவருடையதும் ஒன்று. மூக்கையா வருவதற்கு முந்தைய காலம் அது. அப்போது சான்று கொடுத்தவர் ஒரு மனிதர். அந்தோணியின் மனைவி ரெஜினா வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே சான்று கொடுத்துவிட்டுப் போனார்.

“ஏ மூக்கையா, இந்த அநியாயம் ஆகாதுடே” என்றார் அந்தோணி. “எங்க வீட்டுல போல்ட்டு பன்னெண்டு, வாஷரு பதினாலு. அடியில ரப்பரத் திணிச்சி, மேல ரெண்டு சுத்து டேப்பு ஒட்டி அட்ஜஸ்ட் பண்ணி வச்சிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான இருக்கு?”

“அப்ப தெனமும் காலையில எதுக்கு அண்ணாச்சி காத்து இரவல் கேட்டுப் போறிய?” என்றது மூக்கையா.

அந்தோணி இருமினார். “அது வேற விஷயம்” என்றார். பிறகு குயிலியைப் பார்த்து, “தங்கச்சி, இதுக்கு அட்ஜஸ்ட்டுன்னா என்னன்னே தெரியல. மனுசப் பழக்கம் இல்லாத ஜென்மம். நீதான் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கணும்” என்றார்.

அவர் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் குயிலி அதைப் பிடித்துக்கொண்டாள். பொருத்திகள் பார்த்துப் படிக்கும் வகையைச் சேர்ந்தவை. வாயால் இடுகிற கட்டளை எதுவும் அவற்றின் அளவு விதிகளை மாற்றாது. ஆனால் மனிதர்கள் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்தால், அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் மூக்கையா பேசவே கற்றது.

மறுநாள் குயிலி அதைக் கூடவே அழைத்துக்கொண்டு போனாள். பனிச்சுரங்கத்துக்குப் போகிற ஊர்தியில் மூன்று பேர் உட்காருகிற இருக்கையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக ஒரு பெண் வந்து நின்று, “கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்” என்றாள். நான்கு பேரும் நெளிந்தார்கள். பாதி இருக்கையில் பாதி உடம்போடு அவள் உட்கார்ந்தாள்.

மூக்கையா இடுக்கியை நீட்டி இருக்கையை அளந்தது. பிறகு ஐந்து பேரையும் அளந்தது.

“ஏ, இடுப்புல இடிக்காத!” என்று ஒருத்தி அதட்டினாள்.

“கணக்குப்படி இவுங்க ஒக்கார முடியாது அக்கா” என்றது மூக்கையா.

“ஒக்காந்துட்டாவள்ளா?” என்றாள் குயிலி. “அதான் அட்ஜஸ்ட்டு.”

மத்தியானம் உணவுக்கூடத்தில் எதிர்பாராமல் ஒரு கூட்டம் வந்துவிட்டது. சமையல்காரர் ரசத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, உப்பைத் தூவி, ஒரு கிளறு கிளறினார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் கிடங்கில் ஒரு தாய் தன் மகளுக்கு வெளியுடை வாங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்த உடைக்குள் தொலைந்து போயிருந்தது. “வளருத பிள்ளைதான. கைய மடிச்சி விட்டாச் சரியாப் போவும்” என்றாள் தாய்.

மூக்கையா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது வழி நெடுக ஒரே கேள்விதான்.

“அக்கா, அளவு தப்பா இருக்கே. அப்புறம் எப்படிப் பொருந்துது?”

“மொதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிரும்.”

“வலிக்காதா?”

“வலிக்கும். ஆனா எறங்குற இடம் வந்துரும்லா?”

“சண்டை வராதா?”

“வரும். சண்டை போட்டுக்கிட்டே போயிருவோம்.”

மூக்கையா இடுக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தது. இவ்வளவு விந்தையான ஒரு பொருளை அது அதுவரை கையாண்டதில்லை போலிருந்தது. கூட்டின் அருகில் வந்ததும் நின்றது.

“புரிஞ்சிட்டு அக்கா. நாளைக்கு ஒங்க கூட்டை முடிச்சித் தந்துருதேன்.”

குயிலிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. செவ்வாயில் எடை குறைவு என்பதால் துள்ளினால் கொஞ்சம் உயரமாகவே போக முடியும். அவள் போனாள்.

சொன்னபடியே மறுநாள் மத்தியானம் கூட்டின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. சுடலைமுத்து நம்பாமல் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தான். ரப்பர் இல்லை. டேப்பு இல்லை. வாஷர்கள் போல்ட்டோடு பிறந்தவை போல உட்கார்ந்திருந்தன. நகத்தை நுழைக்க இடமில்லை.

“எப்படிடே?” என்றான்.

“பதினாலுக்குப் பதினாலுதான் போட்டிருக்கேன் அண்ணாச்சி. உள்ள போங்க. காத்து பிடிச்சாச்சு” என்றது மூக்கையா. பதினான்காம் அளவு எங்கே கிடைத்தது என்று அவன் கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் இருக்கிறவன் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதில்லை.

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். டப். வெளியுடையைக் கழற்றினார்கள். செவிமணியில் ஒரு சத்தமும் இல்லை. குறட்டை இல்லை, தும்மல் இல்லை, அடுத்த வீட்டுப் பாத்திரம் உருளவில்லை. சுடலைமுத்து மனைவியின் காதோரம் குனிந்து கிசுகிசுத்தான்.

“எதுக்குங்க மெல்லப் பேசுதிய? சத்தமாப் பேசுங்க. நம்ம வீடு” என்றாள் குயிலி. அவளும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுடலைமுத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “ஏ குயிலி!” என்று சுவர் அதிரக் கத்தினான். “என்னங்க!” என்று அவளும் கத்தினாள். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனாலும் மாறி மாறிக் கத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கதவு தட்டப்பட்டது.

வெளியே அந்தோணி நின்றார். பின்னால் ரெஜினா, இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு மூட்டை, தக்காளிச் செடி வைத்த தொட்டி. எல்லோருக்கும் பின்னால் மூக்கையா. அறைக்குள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் அந்தோணி முதலில் சொன்னது இதுதான்:

“தங்கச்சி, இந்தப் பய எங்க வீட்டு வாஷரைப் பூராக் கழத்திட்டான்!”

“கழத்துறதுக்கு முன்னால எல்லாரையும் வெளியுடை போடச் சொல்லி, பத்திரமா வெளிய கூட்டிட்டு வந்துட்டேன்” என்றது மூக்கையா. “ஒங்க போல்ட்டுக்குப் பொருந்துற வாஷரு ஊர்லயே அண்ணாச்சி வீட்டுலதான் இருந்துது அக்கா. அங்க அது ஆடிக்கிட்டுச் சும்மா கெடந்துது. இங்க ஆடாது.”

“அவுக எங்க போவாக?” என்றாள் குயிலி.

“இங்கதான். நீங்க சொல்லித் தந்ததுதான அக்கா? நான் எல்லாத்தையும் அளந்து பாத்துட்டேன். இரும்பு பழகாது. ரப்பர் கொஞ்சம் நாள் பழகும், அப்புறம் வெடிச்சிரும். மனுசங்கதான் எந்த அளவுக்கும் பழகுறாங்க. அதனால போல்ட்டுக்குச் சரியா வாஷரப் போட்டுட்டேன். மிச்சத்த மனுசங்களை வச்சி அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. அண்ணாச்சிக்குப் பன்னெண்டு அளவு வாஷரு அடுத்த கப்பல்ல வந்துரும்.”

அடுத்த கப்பல் தூசிக்காலம் முடிந்துதான் வரும். அது எல்லோருக்கும் தெரியும்.

குயிலி தன் கதவைப் பார்த்தாள். பிறகு ரெஜினாவின் பெண்பிள்ளைகளைப் பார்த்தாள். சின்னவள் தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். அவர்கள் கூட்டில் இனி காற்று நிற்காது. பொது மூச்சகத்தில் இவர்கள் காலி செய்த திரைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது.

“வாங்க மதினி” என்றாள். “கதவைச் சாத்துங்க.”

இருவருக்காகக் கட்டிய கூட்டில் ஆறு பேர் இருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்பிப் படுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அந்தோணி வீட்டை நோட்டம் விட்டு, “அடுப்ப அந்தப் பக்கம் வச்சிருக்கலாம் தம்பி. காலு நீட்ட முடியல” என்று குறை சொல்லத் தொடங்கினார்.

“அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க அண்ணாச்சி” என்றான் சுடலைமுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் ரெஜினா மூட்டையிலிருந்து மசாலாவை எடுத்துக் குழம்பு வைத்தாள். அந்த மணத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியது. பிள்ளைகள் சன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டார்கள். சன்னலில் தெரிவதற்கு மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. சண்டைக்கு அது ஒரு தடையாக இல்லை. சாயங்காலம் ஆவதற்குள் யார் எங்கே உட்காருவது, யார் தலை எந்தப் பக்கம் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிட்டது. ஒரு குடும்பம் போலவே ஆகிவிட்டார்கள். அதாவது யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெளியே வானம் பழுப்பாக மாறியது. தூசிக்காலம் தொடங்கிவிட்டது. மணல் பொடி சுவரில் உரசிக்கொண்டு போகிற சத்தம் எல்லோருடைய செவிமணியிலும் கேட்டது. ஆனால் ஒரு பொடிக்கும் உள்ளே வர வழி இல்லை. வாஷர்கள் அப்படி உட்கார்ந்திருந்தன.

“எவ்வளவு நிம்மதி!” என்றார் அந்தோணி, சோற்றைப் பிசைந்துகொண்டே. “எங்க வீட்டுல இந்நேரம் வாய்க்குள்ள மண்ணு நறநறங்கும்.”

அப்போது மறுபடி கதவு தட்டப்பட்டது.

ஆறு பேரும் சாப்பாட்டை நிறுத்தினார்கள். குயிலி யோசிக்கக்கூட இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

“இங்க எடமில்ல! அடுத்த கூட்டைப் பாருங்க!”

“எள்ளு போட்டா எள்ளு விழாது!” என்று அந்தோணி சேர்ந்துகொண்டார். “மனுசன் மூச்சு விட வேண்டாமா?”

“நான்தான் அக்கா, மூக்கையா” என்று சுவர்வழிப் பேசியில் குரல் வந்தது. “தூசி மூட்டுக்குள்ள போவுது. கொட்டகையில என் எடத்துல அண்ணாச்சி வீட்டுச் சாமானை இறக்கி வச்சாச்சு. ஒரு ஓரமா உள்ள நின்னுக்கிடட்டுமா?”

உள்ளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“இயந்திரத்துக்கு எதுக்கு வீடு?” என்றாள் ரெஜினா மெதுவாக.

“அதான? இரும்புதான. நிக்கட்டும்” என்றான் சுடலைமுத்து.

குயிலிக்கு மனம் லேசாக இடித்தது. ஆனால் அவள் மடியில் சின்னவளின் கால் இருந்தது, முதுகில் தக்காளித் தொட்டி இருந்தது. “இல்ல மூக்கையா. நெசமாவே எடமில்ல. கோவிச்சிக்கிடாத” என்றாள்.

“கோவமெல்லாம் இல்ல அக்கா” என்றது மூக்கையா. அதன் குரலில் உண்மையிலேயே கோபம் இல்லை. “அப்ப நான் வெளியவே இருக்கேன். சும்மா நின்னா மூட்டு இறுகிப் போவும். கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும். போல்ட்டெல்லாம் இந்தப் பக்கந்தான இருக்கு? பொழுது போகணும்லா? ஒண்ணொண்ணாக் கழத்தி, தூசி தட்டி, மறுபடி மாட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க சாப்பிடுங்க.”

முதல் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் உட்காருகிற சத்தம், செவிமணியின் உபயத்தில், ஆறு பேர் காதிலும் மிகத் தெளிவாகக் கேட்டது.

அந்தோணி சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். ரெஜினா அடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சன்னலோரத்துக்காகச் சண்டை போட்ட பெரியவள் இடத்தை விட்டு ஒரே தாவாகத் தாவி அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டாள். சுடலைமுத்து சுவரோடு சுவராக ஒட்டி, வயிற்றை எக்கி நின்றான். ஒரு பெரிய இயந்திரன் தாராளமாகக் கையை வீசி நிற்கிற அளவுக்குக் கூட்டின் நடுவில் இடம் பிறந்துவிட்டது.

குயிலி ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள்.

“வா ராசா, வா. ஒனக்கில்லாத எடமா!”